பின்பக்கத்தில கொம்மா பாடுறா

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
14.06.2025

என் பேரன்புக்கும், அதைவிடப் பெரிதான உன் பொறுமைக்கும் உரிய மகள் றொசானிக்கு,

அப்பா எழுதும் மடல். நீயும் மருமகனும் பேத்தி சுலக்ஷனாவும் லண்டன் மாநகரில் தேக சுகத்துடன் வாழ ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கு நானும் பூனையும் நலம். எனது சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் உள்ளது. பூனைக்கு அவ்வாறான வருத்தம் எதுவும் இல்லை. நேற்று அந்தோனியார் திருநாள் என்றபடியால் உன் பெயருக்கு ஒரு மெழுகுதிரியும் என் பெயருக்கு இரண்டும் கொளுத்தினேன். எனக்கு ஏன் இரண்டு என்பது கீழே விளங்கும்.

இதை வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நான் அனுப்புகிற குரல் மெசேஜுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பதாகப் பேத்தி என்னிடம் சொல்லிவிட்டாள். கோபமில்லை மகள். ஆனால் இந்த விஷயம் அந்த வேகத்தில் கேட்கக்கூடியதல்ல. கடுதாசியை அப்படி வாசிக்க ஏலாது.

முதலில் உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். போன மாதம் வீடியோவில் பேசும்போது நான் போனைத் தவறுதலாகத் திருப்பியதில் உன்னுடைய அறை தெரிந்துவிட்டது. உன் கட்டிலில் கிடந்தவை பழைய மருந்து மட்டைகள் என்று நான் சொன்னது பொய். அவை பாட்டுத் தட்டுகள். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் ஓடுகிற சின்னத் தட்டுகள், மொத்தம் இருநூற்றுப் பதினாலு. கட்டிலுக்குக் கீழே கிடந்ததையும் சேர்த்தால் இருநூற்று அறுபது. ஆகஸ்டில வந்தா எங்க படுக்கிறது எண்டு கேட்டாய். நான் ஹோலில படுத்து, என்ட கட்டில உனக்குத் தாறன். அந்தத் தட்டுகள மட்டும் தூக்கச் சொல்லாத.

ஏன் சேர்க்கிறன் எண்டு உனக்குப் பாதிதான் தெரியும், மிச்சத்தையும் சொல்லுறன் கேள். எழுபத்தி நாலாம் ஆண்டு எங்கட ஊர்ப் பொடியன்மார் நாலுபேர் ‘வாவி ஸ்டார்ஸ்’ எண்டு ஒரு பொப் இசைக் குழு வெச்சிருந்தாங்க. கிட்டார் மத்தேயுதான் தலைவர், இப்ப நீர்கொழும்பில மகனோட இருக்கிறார். அவங்க கொழும்புக்குப் போய் ஒரேயொரு தட்டுப் பதிஞ்சாங்க. முன்பக்கம் ‘சைக்கிள்காரச் சின்னத்துரை’, பின்பக்கம் ‘சொல்லாமப் போறியே’. அந்தப் பின்பக்கப் பாட்டில ஒரு பொம்புளக் குரல் லா லா லா எண்டு வரவேணும் எண்டு, கோயில் பாடகர் குழுவில இருந்த கொம்மாவ, அதுதான் உன்னப் பெத்த என்ட றோசம்மாவ, கூட்டிப் போனாங்க. அவட தகப்பன் தனிய விடமாட்டன் எண்டு நிண்டபடியால், அவவக் கட்டப்போற ஆள் எண்ட முறையில காவலுக்கு நானும் போனன். காவல் எண்டது பேருக்குத்தான். றெயிலில மேளத்த மடியில வெச்சுக்கொண்டு போனது நான், பதியிற அறைக்கு வெளியில எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கி வெச்சுக்கொண்டு நிண்டதும் நான். உள்ள விடல்ல. நான் இருமுவனாம்.

எங்களிட்ட இருந்த தட்டு எழுபத்தெட்டுச் சூறாவளியில கூரையோட போச்சு. கொம்மா அடுத்தது வாங்குவம் எண்டா. கடையில முடிஞ்சுபோச்சு. மறுகா நீ பிறந்தாய், உனக்கு ரெண்டு வயது முடியமுன்னம் செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, அவவும் போயிட்டா. அண்டையில இருந்து பழைய தட்டு எங்க கண்டாலும் எடுத்துப்போடுவன். உறையில வேற பேர் இருக்கேயப்பா எண்டு கடைக்காரன் கேப்பான். சனம் தட்ட மாறி மாறித்தானே உறைக்குள்ள போடுறது, உள்ளுக்க எங்கட தட்டு இருந்தாலும் இருக்கும் எண்டு சொல்லுவன். இருநூற்று அறுபதிலயும் இல்ல. ஆனா வேற ஆக்கள்ட கதை இருந்திச்சு. உறைக்கு மேல பேனையால எழுதியிருப்பாங்க மகள். ஒண்டில ‘மங்கையற்கரசிக்கு, கோபம் ஆறினால் மட்டும் கேட்கவும்’ எண்டு கிடக்கு. தட்டில ஒரு கீறல் இல்ல, புதுசு மாதிரி. அவட கோபம் ஆறவேயில்ல போல. நான் அதத் தேற்றாத்தீவு வரைக்கும் கொண்டுபோய் மங்கையற்கரசியக் கண்டுபிடிச்சுக் குடுக்க, கதவு நிலையில நிண்டு வாசிச்சுப்போட்டு, “இவர் இன்னும் இருக்கிறாரா?” எண்டு கேட்டா. தெரியாது எண்டன். “அப்ப நீங்களே வெச்சிருங்க” எண்டுட்டு உள்ள போயிட்டா. இதையெல்லாம் நான் எப்படிக் குப்பையில போடுறது, நீயே சொல்லு.

போன மாதக் கடைசியில நீ போனில, “அப்பா, அம்மாட குரல் எப்படி இருக்கும்? சுலக்ஷனா கேக்கிறா, எனக்குச் சொல்லத் தெரியல்ல” எண்டாய். நான் “நல்லா இருக்கும்” எண்டன். நீ “ஓம்” எண்டாய். போன வெச்சாப்போலதான் எனக்கு விளங்கிச்சு, எனக்கும் மறந்துபோச்சு. முகம் படத்தில இருக்கு. அவ காய்ச்சுற சொதிட மணம்கூட மூக்குக்குத் தெரியும். குரல் இல்ல. அடுத்த நாள் காலையிலயே வெளிக்கிட்டுட்டன்.

ஆரையம்பதியில தங்கராசா அண்ணன் அந்தக் காலத்தில திருவிழாவுக்கெல்லாம் லவுட்ஸ்பீக்கர் கட்டுறவர். இப்ப எண்பது தாண்டிட்டார், காதும் கேக்காது. லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்திலயே இருந்தா எப்படிக் கேக்கும்? “வாவி ஸ்டார்ஸ் தட்டு இருக்கா அண்ணன்?” எண்டு கத்தினன். “வாழைத்தார் இப்ப இல்லத் தம்பி” எண்டார். கடைசியாத் தாளில எழுதிக் காட்டின பிறகுதான், தன்ட தட்டு எல்லாத்தையும் உன்னிச்சையில வேளாண்மை செய்யிற தங்கச்சி சீதேவிப்பிள்ளைக்குக் குடுத்ததாச் சொன்னார். பாட்டுக் கேக்கவா எண்டு கேட்டன். கிளி விரட்டவாம். கயித்தில கட்டித் தொங்கவிட்டா வெயிலுக்கு மினுங்கும், கிளி வராதாம்.

உன்னிச்சைக்கு நான் பூசைக்குப் போடுற வெள்ளைக் காற்சட்டையோட போனது பிழைதான். வயல் வட்டைக்குள்ள இறங்கி நாலு அடி வைக்கல்ல, ஒரு ஆள் வரம்பில நிண்டு கையக் காட்டி, “இவர்தான்டா! இவர்தான் அந்த வாய்க்கால் கீறினவர்!” எண்டு கத்தினார். நான் நீர்ப்பாசனக் கந்தோரில படவரைஞரா இருக்கேக்க எண்பத்தொன்பதில படம் கீறின வாய்க்கால். அது என்ட பிழையால ஓரிடத்தில ரெண்டு பாகம் நீளத்துக்கு மேட்டுக்கு ஏறுதாம், முப்பத்தாறு வருசமாத் தண்ணி தயங்கித் தயங்கித்தான் வருகுதாம். நான் தட்டுத் தேடி வந்தன் எண்டு சொல்ல ஆரும் நம்பல்ல. வாய்க்கால் நீளத்துக்கும் நடத்திக் காட்டி, மேடான இடத்தில ஒரு மரக்குத்தியில இருத்தி, மோர் தந்து, ஒவ்வொருத்தரா ஏசிப் பேசினாங்க மகள். பேச்சு நியாயமான பேச்சு. நான் மன்னிப்புக் கேட்டன். மறுகா எல்லாருக்கும் சந்தோசம், தட்டுத் தேட ஏழுபேர் கூட வந்தாங்க.

கயித்தில தொங்கினது பதினொரு தட்டு. வெயிலில சுருண்டு அப்பளமாப் போச்சு, ஒண்டும் உதவாது. சீதேவிப்பிள்ளை பாத்திட்டு, “ஐயா முகம் வேத்திரிக்கி, வாடிக்குள்ள வந்து தண்ணி குடியுங்க” எண்டா. அந்தக் காவல் குடிசைக்குள்ள போய் இருந்தன். தண்ணி முட்டிக்கு மூடி ஒண்டு கறுப்பா இருந்திச்சு. நடு ஓட்டைக்குத் தேங்காய்ப் பொச்சு அடைச்சு, அதுக்கு மேல தண்ணி அள்ளுற சிரட்டை. நான் சிரட்டையத் தூக்கினன். நடுவில ஒட்டின கடுதாசி பாதி ஊறிப்போச்சு, ஆனா ‘வாவி ஸ்’ எண்டு கிடந்திச்சு.

நான் அந்த மூடியவே பாத்துக்கொண்டிருக்க, அவ கேட்டா: “அதில என்ன இரிக்கி ஐயா?”

“என்ட பொஞ்சாதிட குரல் இருக்கு” எண்டன்.

அந்த மனுசி முட்டிக்குப் பக்கத்தில குந்தினா. பொச்சை மெல்லமா இழுத்தெடுத்தா. தட்டத் தன்ட சீலைத் தலைப்பால ரெண்டு பக்கமும் துடைச்சா, பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி. “இவ்வளவு காலமும் அவவுக்கு மேல சிரட்டைய வெச்சிட்டனே” எண்டு சொல்லி ரெண்டு கையாலயும் தந்தா. முட்டிக்கு மூடியா என்ட சோத்துப்பெட்டி மூடியக் குடுத்திட்டு வந்தன். நீ வாங்கித் தந்த பெட்டிதான், மன்னிச்சுக்கொள்.

பஸ்ஸில அதச் சேட்டுக்குள்ள வயித்தோட வெச்சு அணைச்சுக்கொண்டு வர, பக்கத்தில இருந்தவர் வயித்துவலியா எண்டு கேட்டு எழும்பி இடம் தந்தார். நேரா காத்தான்குடியில றிப்ஷான் கடைக்குத்தான் போனன். றேடியோ திருத்துறவர், ஐம்பது வயது இருக்கும், எனக்குப் பிளேயர் ஊசி தேடித் தாறவர். தட்டு வளைஞ்சிருக்கு எண்டு ரெண்டு கண்ணாடிக்கு நடுவில வெச்சு மூண்டு நாள் இளவெயிலில காயவிட்டார். முன்பக்கத்தில ஊசி நிக்கவேயில்ல, சின்னத்துரையும் சைக்கிளும் போயிட்டாங்க. பின்பக்கத்தப் போட்டார். முதல் வேகத்த மாறிப் போட்டதால கொம்மா காதுக்குள்ள இரையிற நுளம்பு மாதிரிப் பாடினா. “பொறுங்க சேர், பதறாதீங்க” எண்டு றிப்ஷான் வேகத்த மாத்தினார்.

மகள், சரசர எண்டு மழை பெய்யிற சத்தத்துக்கு நடுவில, லா லா லா.

நான் மேசையப் பிடிச்சுக்கொண்டன். அதே குரல்தான். கொஞ்சம் மூக்கால வாற மாதிரி, மேல போகேக்க நடுங்கி, பிறகு இறங்கிற குரல். உன்ட குரலும் அதேதான், நீ கோவிச்சுப் பேசேக்க அப்படித்தான் மேல போகும். றிப்ஷான்ட மனுசி ஸுஹைனா உள்ளுக்க இருந்து தேத்தண்ணியோட வந்து அப்படியே நிண்டிட்டா. “இன்னொருக்காப் போடுங்க” எண்டா. ஆறுதரம் போட்டம். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

போன ஞாயிறு பூசை முடிய ஃபாதரும் பாடகர் குழுவும் வீட்டுக்கு வந்தாங்க. ஃபாதர் தட்டுக்குத் தீர்த்தம் தெளிக்க வர, நனையக்கூடாது எண்டு நான் மறிச்சு, பிளேயர் பெட்டிக்குத் தெளிச்சார். கேட்டு முடிய, “இது வானதூதர்ட குரல், மேர்வின்” எண்டார். எனக்குப் பெருமை தாங்க ஏலாமப் போச்சு. அது வானதூதர்ட குரல்தான் எண்டு நானும் நம்பித்தான் நேத்து ரெண்டு மெழுகுதிரி கொளுத்தினன், ஒண்டு அந்தோனியார் தேடித் தந்ததுக்கு, மற்றது அவவுக்கு. மத்தேயுவுக்கும் றிப்ஷான் போனில அனுப்பினவர், இன்னும் பதில் இல்ல.

றிப்ஷான் பாட்ட ஒரு பென் டிரைவில ஏத்தித் தந்ததை இதோட வைக்கிறன். பேத்திய மடியில இருத்தி வெச்சுக் கேள். இதுதான் அம்மம்மாட குரல் எண்டு சொல்லு. நாப்பத்திமூண்டு வருசமா உனக்குத் தரவேண்டியிருந்த ஒண்டத் தந்திட்டன், இனி எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்ல.

அன்னை மரியாள் உங்கள் மூவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக. மருமகனுக்கு என் அன்பு. பேத்திக்கு முத்தங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இப்படிக்கு,
உன்னை என்றும் நினைக்கும் அப்பா,
மேர்வின்

பி.கு. (16ஆம் திகதி, திங்கள் காலை): கடுதாசிய ஒட்டி வெச்சுத் தபால் கந்தோருக்குப் போக வெளிக்கிடேக்க மத்தேயு போன் எடுத்தார், அதுதான் உடைச்சு எழுதுறன். முதல் சிரிச்சார். மறுகா, “மேர்வின், அந்த லா லா லா நான்தான்டா” எண்டார்.

பகிடி எண்டு நினைச்சன். பகிடி இல்ல. அண்டைக்கு அந்த அறைக்குள்ள மைக்கக் கண்டதும் கொம்மாவுக்குப் பயத்தில குரல் வரவேயில்லையாம். மூண்டுதரம் முயற்சி பண்ணி அழுதிட்டாவாம். பதியிறவர் அவசரப்படுத்த, மத்தேயு தொண்டைய இறுக்கிப் பொம்புளக் குரலில பாடிட்டார். வெளியில வர, நான் தேத்தண்ணியோட நிண்டு, “என்னமாப் பாடினாய், எனக்கு இங்க கேட்டுது!” எண்டு சொன்னனாம். நான் நித்திரையான நேரம் பாத்து, ஆரும் அவருக்குச் சொல்லப்படாது, நானே சொல்லுவன் எண்டு கொம்மா றெயிலில எல்லாரிட்டயும் சத்தியம் வாங்கினாவாம். எட்டு வருசம் சொல்லல்ல. ஒவ்வொருதரமும் நான் தட்டப் போட்டு, “பார், நீ!” எண்டேக்க தலையக் குனிஞ்சு சிரிப்பா. வெக்கம் எண்டு நினைச்சிருந்தன்.

உன்ட குரல் அதேதான் எண்டு எழுதினத வெட்டிவிடு. ஃபாதருக்கு நான் ஒண்டும் சொல்லப்போறதில்ல, மத்தேயு நூற்றிப்பத்துக் கிலோ.

கோபத்தில போன வெச்சிட்டன். அவர் திரும்ப எடுத்தார். “முழுக்கக் கேள்டா. கடைசியில எல்லாரும் கைதட்டுவம். றோசம்மாவையும் பக்கத்தில நிக்கவெச்சுத் தட்டச் சொன்னன்” எண்டார். அந்தக் காலத்தில லா லா முடியேக்க ஊசியத் தூக்கித் திரும்ப முதலில இருந்து போடுவன், இப்ப கண் கலங்கித் தூக்கிப்போடுவன், கடைசிமட்டும் ஒருநாளும் கேட்டதில்ல. இண்டைக்குக் கேட்டன். எல்லாரும் மூண்டு தட்டோட நிப்பாட்டுறாங்க. ஒரு ஆள் மட்டும் தெரியாம நாலாவதும் தட்டுது. தட்டிப்போட்டு, பாட்டு முடியமுன்னம், மெல்லமா ஒரு சிரிப்பு.

அது ஆர் சிரிச்சது எண்டு மத்தேயுவிட்டக் கேட்டன். தனக்கு ஞாபகம் இல்லையாம்.

எனக்குத் தெரியும்.