அன்புள்ள பங்குதாரருக்கு

ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் பொங்கியது. அடுப்பைத் துடைத்தான். இன்னும் இரண்டு பேருக்குத்தான் பால் வாங்கிக்கொண்டிருந்தான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே பொங்கியது. சட்டைக்கு இஸ்திரி போட்டான். முன்பக்கம் மட்டும்.

கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. விமான என்ஜினும் ராணுவத் தளவாடமும் செய்யும் கம்பெனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் மனைவிக்கு எழுதும் கடிதம். 'அன்புள்ள பங்குதாரருக்கு' என்று தொடங்கி, அவள் நம்பிக்கைக்கு நன்றி சொல்லி முடியும். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. கம்பெனிக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பெயருக்குக் கடிதம் எழுதுவது இப்போது அது ஒன்றுதான்.

உறையைப் பிரிப்பதற்குள் மச்சினன் வந்துவிட்டான். பின்னால் மாமியார்.

"மாமா, அக்கா பங்கை வித்துடலாம். ரெண்டு கையெழுத்துதான். அவ பேரை எடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

"இப்ப என்ன அவசரம்?"

"பேப்பர் பாக்கலையா? எல்லாரும் சமாதானம் பேசுறாங்க. இப்படியே போனா கம்பெனி உருப்படுமா?"

பெயரை எடுத்தால் கடிதம் நின்றுவிடும். இதை மச்சினனிடம் எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னான்.

"அதை விக்கக் கூடாதுன்னு கடைசியா சொன்னா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கடைசி நேரத்தில் அவன் அறையிலேயே இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மேலாளரோடு போனில் இருந்தான். உள்ளே இருந்தவர் மாமியார் ஒருவர்தான்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆமா. சொன்னா."

அவன் மாமியாரை நிமிர்ந்து பார்த்தான். ஒருவேளை நிஜமாகவே சொன்னாளோ?

மறுவாரம் மச்சினன் போன் செய்தான். "மாமா, நானும் அதே பங்கை வாங்கிட்டேன். கல்யாணத்துக்கு வெச்சிருந்ததை மொத்தமா போட்டாச்சு."

"டேய், விக்காதேன்னுதான் சொன்னா. வாங்குன்னா சொன்னா?"

"விக்கக் கூடாத சரக்குன்னா வாங்க வேண்டிய சரக்குதானே?"

அதுவும் நியாயம்தான். கொஞ்சம் பயமுறுத்திப் பார்த்தான். "வருஷக் கடைசி வரைக்கும்தான்னு சொன்னாடா."

"தேதியோடயா?" மச்சினன் குரல் உடைந்தது. "இருங்க, அம்மாகிட்ட சொல்றேன்."

இரண்டே நாளில் மாமியார் வளையலை விற்று வாங்கியதாகச் செய்தி வந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் மறித்தார். "தம்பி, நானும் போட்டிருக்கேன். உங்க வீட்டம்மா வாக்கு பொய்க்காது."

அவன் வேலை பங்கு ஆய்வு. ஒரு கம்பெனியின் எதிர்காலத்தைக் கணித்து, வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம் என்று எழுத வேண்டும். அந்த மாதம் என்ஜின் கம்பெனியின் கோப்பு அவன் மேஜைக்கே வந்தது.

"வீட்டுல யாராவது இந்தப் பங்கு வெச்சிருந்தா அறிக்கைக்கு அடியில ஒரு வரி போட்டுடு," என்றார் மேலாளர்.

'ஆய்வாளரின் மனைவி இந்தப் பங்கை வைத்திருக்கிறார்' என்று அடித்தான். மேலாளர் அதைப் படித்தார். அவனைப் பார்த்தார். இறந்தகாலத்தில் எழுத விதியில்லை. தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

கோப்பில் நல்லது ஒன்றும் இல்லை. என்ஜின் தகடுகளில் விரிசல். மூன்று விமான நிறுவனங்கள் என்ஜின்களைத் திருப்பி அனுப்பிவிட்டன. ராணுவம் ஆர்டரைத் தள்ளிப்போட்டுவிட்டது. இல்லாத நம்பிக்கையை எழுதுவது அவனுக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரியில் தினமும், "நீ தேறிட்டேன்னு டாக்டர் சொல்றார்," என்று அவளுக்கு அறிக்கை வாசித்தவன். அவளும் தினமும் தலையாட்டினாள். நம்பிக்கொண்டுதான் போனாள் என்று அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இங்கே அது செல்லாது. 'விற்கலாம்' என்று எழுதினான். வெளியாகும்முன் வீட்டில் மூச்சு விட்டாலும் வேலை போய்விடும். மூன்று நாள் மச்சினன் போனை எடுக்கவில்லை.

வியாழன் பத்து மணிக்கு அறிக்கை வெளியானது. பதினொரு மணிக்குப் பங்கு, கல்லைக் கட்டிக் கிணற்றில் போட்டது மாதிரி இறங்கியது. விடுப்பு சொல்லிவிட்டு மாமியார் வீட்டுக்கு ஓடினான்.

மச்சினன் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. விக்காதேன்னு அவ சொல்லவே இல்ல. நான் பொய் சொன்னேன். உங்க வளையல், இவன் கல்யாணம், எல்லாம் போச்சு."

"வளையலா?" மாமியார் கையை நீட்டினார். இரண்டும் இருந்தன. "யாரும் ஒரு பங்கு கூட வாங்கல மாப்ள. தையல்காரர்கிட்டயும் நான்தான் சொல்லிவெச்சேன்."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "நான்தான் கொஞ்சம் ஓவரா நடிச்சுட்டேன் மாமா. ஆனா தேதின்னதும் நிஜமாவே அழுகை வந்துடுச்சு."

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "பொய்னு தெரிஞ்சா அன்னிக்கே கேட்டிருக்கலாமே அத்தை. எதுக்கு ஆமான்னீங்க?"

மாமியார் அவன் சட்டையின் கசங்கிய முதுகைப் பார்த்தார். கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"கடைசியா அவ சொன்னது ஒண்ணுதான் மாப்ள. 'அவருக்குப் பொய் சொல்லவே வராதும்மா. இத்தனை நாள் நான் நம்புற மாதிரி இருந்தேன், இனிமே நீங்க இருங்க.'"