இளைத்துப்போன பொடி

கரிம வேதியியல் ஆய்வுக் கழக இயக்குநர் அவர்களின் பெருவாழ்வு முழுவதும் ஒரு சின்னப் புட்டிக்குள் அடங்கியிருந்தது. இளம் வயதில் அவர் தயாரித்த வெள்ளைப் பொடி அது. போட்ட சரக்கில் பாதியைப் பொடியாக எடுக்கவே மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளியபோது, அவர் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எடுத்தார். பொடி காய்வதற்கு முன்பே தராசில் வைத்துவிட்டார் என்பது அவருக்கும் தராசுக்கும் மட்டுமே தெரியும். ஈரத்துக்கும் எடை உண்டல்லவா! அந்த எடையில் பேராசிரியரானார், துறைத்தலைவரானார், கடைசியில் மருந்து நெடியே எட்டாத மாடி அறையில் இயக்குநராகக் குடியேறினார்.

புட்டி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருந்தது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவரே மூடியைத் திறந்து பெருமையாகக் காட்டுவார்.

இப்போது அவருக்குப் பதவி நீட்டிப்பு வேண்டும். அதை முடிவுசெய்ய நிபுணர் குழு வந்தது. அத்தனை பேரும் அதே துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். குழுத் தலைவர் சும்மா இருக்கமாட்டாமல், "அந்தப் பொடியை ஒரு தடவை எடை போட்டுப் பாத்துடலாமே, போட்டோவுக்கு நல்லாயிருக்கும்" என்றார்.

போட்டார்கள். அன்று அறிவித்த எடையில் பாதிகூட இல்லை.

"மிச்சம் எங்க?" என்றார் தலைவர்.

"திருட்டு! சாவி அந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு!" என்று கத்தினார் இயக்குநர்.

பெட்டியைத் துடைத்து வைக்கும் ஆராய்ச்சி மாணவி வந்து நின்றாள். அவளுடைய ஆய்வேடு இயக்குநரின் கையெழுத்துக்காகக் காய்ந்துகொண்டிருந்தது. தன் பொடியை ஒழுங்காக உலர்த்தி எடை போட்டதால் அவளுக்கு நூற்றுக்கு நாற்பதுதான் தேறியது. அதற்குப் பட்டமா என்று அவர் உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

"யாரும் எடுக்கலை சார். அன்னிக்கு ஈரத்தோட எடை போட்டிருப்பீங்க. தெறந்து தெறந்து காட்டினதுல காஞ்சுபோச்சு."

குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் அறையிலும் இப்படி ஒரு புட்டி இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "காஞ்சுபோச்சுன்னு ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு யோசிச்சியாம்மா?"

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: பொடியின் பெரும்பகுதி அடையாளம் தெரியாத நபரால் களவாடப்பட்டுள்ளது, களவாடத் தூண்டும் அளவுக்கு உயர்ந்த ஆராய்ச்சி என்பதால் இயக்குநருக்குப் பதவி நீட்டிப்பு வழங்கப்படுகிறது, இனி எந்த ஆய்வகத்திலும் பழைய புட்டி எதுவும் திறக்கப்படலாகாது.

அவர்கள் போனதும் மாணவி கேட்டாள்: "சார், என் ஆய்வேட்டுக்குக் கையெழுத்து?"

"நாப்பதுக்கு எப்படிம்மா போடறது? என் பேரும்ல கெடும்!"

அவள் கீழே ஆய்வகத்துக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து தன் புட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப தொண்ணூத்தாறு சார்."

"என்னைவிட ஒண்ணு கம்மி. மரியாதை தெரிஞ்ச பொண்ணு!" அவர் மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் கை மூடியைத் திறக்கப் போனது. திறக்க வரவில்லை.

"மெழுகு வச்சு மூடிட்டேன் சார்" என்றாள். "நானும் ஒருநாள் இந்த நாற்காலிக்கு வரணும்ல?"