ஓசிமேளம் அண்ணன் வாசித்த முகூர்த்தம்

நாதஸ்வரத்தையோ தவிலையோ வயலினையோ வாழ்நாளில் தொட்டுக்கூடப் பார்க்காமல், அத்தனையையும் வாசித்த ஒரே மனிதர் இந்த மதுரைச் சீமையில் எங்கள் ஓசிமேளம் அண்ணன்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார். பகலில் பிரவுசிங் சென்டரில் வேலை. எங்கோ ஒரு வெள்ளைக்காரன் கம்ப்யூட்டரில் வாசிக்கிற வாத்தியம் ஒன்றைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டால் போதும். அன்று சாயங்காலமே அது சிடியில் ஏறி எங்கள் மாடிக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரோடு ஒரு சின்ன கீபோர்டு. அதே கட்டைகளை அழுத்தினால் இப்போது புல்லாங்குழல், அடுத்த நொடி வீணை.

"காசுக்கு விக்கிறதையே பூட்டை உடைச்சு சிடில போட்டுத் தாரானுகளாமே, அத வாங்கலாமேண்ணே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். தேள் கொட்டியதுபோலத் துள்ளி எழுந்தார்.

"ஓசி வேற, திருட்டு வேற மாப்ள! குடுக்குறவன் மனசாரக் குடுக்கணும்."

வந்த வாரமே அம்மாவுக்கு முதல் அதிர்ச்சி. மாடியிலிருந்து வயலின்கள் கூட்டமாக அழுதன. பின்னாலேயே பெண்கள் சேர்ந்து 'ஆ'வென்று இழுத்தார்கள். அம்மா விளக்குமாற்றோடு படியேறினார். கதவைத் திறந்தால் லுங்கியோடு இவர் மட்டும்.

"தனி ஆளுன்னுதான வீடு விட்டேன்? பொம்பளைகள எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?"

"எல்லாரும் உள்ளதான்க்கா இருக்காக" என்று கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டினார் பணிவாக. அம்மா கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

இந்த மனிதரை நம்பித்தான் என் தங்கை கழுத்தில் தாலி ஏறவேண்டும் என்று ஆகிப்போனது.

கல்யாணம் எங்கள் தெருமுனை மண்டபத்தில். முகூர்த்தம் நெருங்குகிறது, மேளக்காரர்களைக் காணோம். போன் போட்டால், "மாட்டுத்தாவணில பூ லாரிகளுக்கு நடுவுல வேன் மாட்டிக்கிச்சுண்ணே, நகர மாட்டேங்குது!" என்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்தது.

"மேளமில்லாம தாலி கட்டுற வழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது."

அப்பா வியர்த்துப்போய்த் தூணில் சாய்ந்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த ஓசிமேளம் கையைக் கூடக் கழுவாமல் எழுந்தார். "இரு மாப்ள, மெஷினத் தூக்கிட்டு வாரேன்!" என்றார் என்னிடம்.

ஆட்டோவில் கம்ப்யூட்டர் வந்தது. மைக்செட்டோடு இணைத்தார். அதற்குள் இருந்த வெள்ளைக்காரன் ஊதுகுழல் சத்தம் ஒன்றைக் கீபோர்டில் எப்படியோ வளைத்து வாசித்தார். சத்தியமாக நாதஸ்வரம்! மாப்பிள்ளையின் அம்மாவே தலையாட்டினார்.

ஐயர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஓசிமேளம் பதற்றத்தில் எதையோ மாற்றி அழுத்தினார்.

"டங்ங்ங்... டங்ங்ங்..."

எந்தத் தேசத்துச் சாவு மணியோ! மாப்பிள்ளை கையில் தாலி அந்தரத்தில் நின்றது. "அடப் பாவி!" என்று யாரோ அலறினார்கள். அப்பா நெஞ்சைப் பிடித்தார். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அதைப் பார்த்துவிட்டார் மனிதர். கம்ப்யூட்டர் வயரை ஒரே இழுப்பில் பிடுங்கினார். மைக்கை வாயருகே வைத்தார்.

"டும் டும் டும் டும்! பீப்பீ பிப்பிபீ!"

கழுத்து நரம்பு புடைக்க, வியர்வை சொட்ட, தவிலும் நாதஸ்வரமும் ஒரே வாயில். முதல் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. மாப்பிள்ளையின் தம்பி 'டும் டும்' என்று சேர்ந்துகொண்டார். கல்யாணக் கூட்டம் மொத்தமும் வாயாலேயே கெட்டிமேளம் கொட்ட, தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டியவர் தங்கையிடம் கேட்டார். "அந்தத் தாலி கட்டுற எடத்துல நல்ல நாதஸ்வரமா ஒன்னு போட்டுரவாம்மா?"

தங்கை பதறிவிட்டாள். "ஐயையோ, வேணாண்ணே. அந்த அண்ணே மூச்சு வாங்குறதுகூட அப்படியே கேக்கணும்."