பூசணிக்காய் மூஞ்சியும் புதுச்சேரிக் கடலும்

சூரியனுக்கே வேலை நேரம் குறித்துக் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் விழுப்புரத்தில் இருந்தார். ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் 'அசங்காதே'. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் போடும் "அசங்காதே!" சத்தத்துக்கு, சந்தில் போகிற மாட்டு வண்டிகூட நின்றுவிடும். நிஜமாகத்தான் சொல்கிறேன். வண்டிக்காரர் நின்றது தனிக்கதை, மாடே நின்றது.

இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு இரண்டொரு வருஷம் முந்தைய காலம். நான் பக்கத்து டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அது அவருக்குத் தெரிந்துபோனது என் ஜாதகக் கோளாறு.

ஒத்திகை பார்க்காமல் அவர் யாரையும் படம் பிடிக்க மாட்டார். படத்துக்கு வேண்டியது மூன்று எண்ணுகிற நேரம்தான். அந்த மூன்றுக்கு முப்பது நாள் திட்டம் போடுவார். திண்டிவனத்து வக்கீல் ஒருவர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு ஜோராக வந்து இறங்கினார். மூன்று எண்ணுவதற்குள் "எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை இவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஊருக்குப் போய் வாய மூடிக்கினு நிக்கப் பழகிட்டு வாங்க. அப்பால பாக்கலாம்."

வக்கீல் வீட்டில் ஒரு வாரம் பழகினாராம். அந்தப் பழக்கத்தில் கோர்ட்டிலும் ஒரு நாள் சும்மா நின்றாராம். அன்றைக்குத்தான் அவருக்குக் கேஸ் ஜெயித்தது என்று திண்டிவனத்தில் பேசிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் கோலியனூர் பாக்கியம் அம்மாள் வந்து சேர்ந்தாள். கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிறவள். புருஷன் போய்ப் பதினைந்து வருஷம். ஒரே மகன் கோவிந்தன், சைகோனில் ஒரு கடைக்கு வாட்ச்மேனாகப் போகப் போகிறான். பிரெஞ்சுக்காரர் ஆளும் புதுச்சேரியில் கப்பலேறினால் திரும்பி வர ஐந்து வருஷம்.

"இவன் அப்பா மூஞ்சி எனக்கு மறந்தே பூட்ச்சிங்க. ராத்திரில கண்ண மூடிக்கினு தேடிப் பாக்கறேன், வர்ல. இவன் மூஞ்சியும் அப்டிப் பூடுமோன்னு பயமா கீது. நானும் இவனும் நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. பின்னால அந்தக் கடலும் கப்பலும் தெரியணும். எதுல ஏறிப் போனான்னு நான் பாத்துக்கினு இருப்பேன்."

அசங்காதே நாட்காட்டியை எடுத்தார்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் நான் அவரோடு புதுச்சேரி ரயிலில் போனேன். ஒரு கையில் மூங்கில் கழி, மறு கையில் கோணிப்பை, பைக்குள் இரண்டு பூசணிக்காய்கள். ஒன்று தாய், ஒன்று மகன். கத்தரிக்காயை வெட்டி மூக்கு வைத்து, கரியால் கண் எழுதியிருந்தார். கடற்கரைச் சாலையில் காயைக் கழியில் செருகி, ஆள் உயரத்துக்கு என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதிக்கொண்டார். 'நாலு பத்து, தாய்க்கு நல்ல வெயில். நாலு இருபது, மகன் மூக்கு நிழல் உதட்டைத் தொடுகிறது, கூடாது.'

கண், மூக்கு வைத்த பூசணிக்காயைக் கவர்னர் மாளிகை இருக்கிற பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் யார் சும்மா இருப்பார்கள்? சிவப்புத் தொப்பி சிப்பாய் ஒருவர் ஓடி வந்தார்.

"இன்னாய்யா இது? துரைக்குச் சூனியமா?"

"ஒரு அடி தள்ளி நில்லுப்பா. உன் நிழல் அம்மா கன்னத்துல விழுது" என்றார் அசங்காதே.

அந்தச் சிப்பாய் தள்ளி நின்றார் என்பதுதான் ஆச்சரியம். ரயிலில் திரும்பும்போது எல்லைச் சுங்கக்காரர், காய்க்குள் சாராயம் இருக்கிறதோ என்று கம்பியால் ஒரு குத்துக் குத்தினார். "ஐயோ, பெத்தவ மூஞ்சிங்க அது!" என்று இவர் அலறிய அலறலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

காலையில் சூரியன் கடல்பக்கம் இருக்கும், கடலைப் பின்னால் வைத்தால் முகம் கரிக்கட்டை. சாயங்காலம்தான் முகத்தில் வெயில் விழும். கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும், அதற்குப் படகு ஐந்து மணிக்கு. நாலு பத்துக்குப் படம். இதுதான் திட்டம். பாக்கியம் அம்மாளுக்கு ஒத்திகையும் குறைவில்லை. எட்டு நாள் தினமும் கோலியனூரிலிருந்து நடந்து வந்து சந்தில் நின்று பழகினாள். 'ஆச்சு' என்று அவர் சொல்கிறவரை இமை கொட்டக்கூடாது. ஒரு நாள் காக்கை ஒன்று அவள் தலையில் உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுப் பறந்துபோயிற்று. அவள் அசையவில்லை.

புறப்படும் நாளும் வந்தது. கேமராவோடு காலை ரயிலிலேயே போய் இறங்கிவிட்டோம். ஒன்பது மணிக்கு, படகு ஏறுகிற கடல் பாலத்தருகே நிற்கிறோம், கப்பல் கம்பெனி ஆள் கத்திக்கொண்டு வருகிறான்.

"காத்து மாறுது! மத்தியானத்துக்கு மேல படகு போகாது. சைகோன் போறவங்க ஜல்தியா ஏறுங்க! கடைசிப் படகு அரை மணில!"

பாக்கியம் அம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தன் பெட்டியைத் தூக்கினான். நான் அசங்காதேயைப் பார்த்தேன். அவர் சூரியனை நிமிர்ந்து பார்த்தார், நம்பினவன் கைவிட்டால் பார்ப்போமே, அப்படி. மூன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பூசணிக்காய், ஒரு நோட்டுப் புத்தகம், எல்லாம் வீண். மகனும் தாயும் நிற்கிறார்கள், பின்னால் கடல், கடலில் கப்பல், அதற்கு மேலே வெயில். முகம் இரண்டும் ஒரே இருட்டு.

"அம்மா, கடல் வேணாம், இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறியா?" என்று நான் கேட்டேன்.

"கேக்காத!" என்றார் அவர். "கப்பல் வேணும்னு சொல்லிட்டாங்க. படத்துல கப்பல் வரும்."

சொல்லிவிட்டு, மேலே கோட்டு போட்ட அந்த மனிதர், கீழே கட்டியிருந்த எட்டு முழ வெள்ளை வேட்டியை ஒரே உருவாக உருவினார். வெள்ளைக்காரத் துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு உலாத்துகிற சாலையில், மேலே கறுப்புக் கோட்டு, கீழே கோடு போட்ட அரை டிராயர்!

"ஒரு முனைய நீ பிடி. வெயிலப் பாத்து விரி."

மறுமுனைக்கு ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து அதே சிப்பாய் ஓடி வந்தார். "யோவ், வெக்கமா இல்ல? இன்னா வேஷம் இது?"

"அப்பால வெக்கப்படலாம், இதப் பிடிப்பா!"

சிப்பாய் பிடித்தார். நாங்கள் இருவரும் வேட்டியை விரித்ததும் வெயில் அதில் பட்டுத் திரும்பிப் போய்த் தாய் முகத்திலும் மகன் முகத்திலும் விழுந்தது. மூக்கு, கன்னம், கண்ணோரச் சுருக்கம், எல்லாம் தெரிகிறது. பின்னால் கப்பலும் தெரிகிறது. அந்த மனுஷன் மேற்கே போகவேண்டிய சூரியனை வேட்டியால் வளைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"அசங்காதே!"

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடியே கையை நீட்டிக் கேமரா மூடியைக் கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூடியைப் போட்டார். படம் முடிந்தது.

ஆனால் 'ஆச்சு' என்று சொல்லவில்லை.

பாக்கியம் அம்மாள், அவர் பழக்கியபடி, இமை கொட்டாமல் நின்றாள். மகன் கையை அவள் பிடித்திருந்தாள். படகிலிருந்து "ஏறுப்பா, ஏறு!" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். எனக்குத் தோள் வலித்தது.

"சார், மூடியப் போட்டுட்டீங்களே. எடுத்தாச்சே" என்றேன் மெதுவாக.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"தெரியும். சும்மா இரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அரை நொடியை வீணாக்கினால் ஊரையே திட்டுகிறவர். மூன்றுக்கு மேல் அவர் எண்ணி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எவ்வளவு எண்ணினார் என்று எனக்குத் தெரியாது. படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கப் போன பிறகுதான் "ஆச்சு" என்றார். கோவிந்தன் ஓடினான். படகு கப்பலைத் தொடுகிறவரை பாக்கியம் அம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. டிராயரோடு நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக 'சார்' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அன்று அந்த வார்த்தை வரவில்லை.

"அண்ணே, வேட்டியக் கட்டிக்கிங்க" என்றேன்.