மாதுளை என்று யாரும் சொல்லக் கூடாது

சுற்றிலும் மலைகள் வேலி கட்டிய திரைநாட்டில் மாதுளம்பழம் தேனாக இனிக்கும். சட்டம் மாதுளைத் தோலாகத் துவர்க்கும். நாட்டை ஆண்டது மானங்காப்புப் பேரவை. தேர்தலும் முறைப்படி நடந்தது. பேரவையைப் பேரவையே தேர்ந்தெடுக்கும். தோற்றவர் என்று ஒருவருமில்லாத தேர்தல் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அவர்களே மெச்சிக்கொண்டார்கள்.

அந்த நாட்டில் பெண்ணின் பெயரை வாசற்படிக்கு வெளியே சொல்லக் கூடாது. இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னானின் தாய், அவ்வளவுதான். கல்லறைக் கல்லிலும் அப்படியே. பேரவைத் தலைவர் பெருந்திரையார் ஏறிவரும் கோவேறு கழுதைக்கு மட்டும் வெண்முத்து என்று பெயர் இருந்தது. அது ஆண் கழுதை.

பக்கத்து நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அங்கே பெண்களுக்குப் பெயருண்டு. ஊராட்சித் தலைவியின் பெயர் பலகையில் பளிச்சென்று எழுதியிருக்கும். நாற்காலியில்தான் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

பேரவையின் ஆணைகளைத் தமுக்கடித்துச் சொல்வது இடும்பனின் வேலை. அவன் தொண்டையைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனாலும் ஒருமுறை சந்தையில் காளை மிரண்டு அவன் மகளை நோக்கி ஓடியபோது, பெயர் சொல்ல முடியாமல் "ஏய், ஏய்" என்றுதான் கத்தினான். சந்தையிலிருந்த பெண்களெல்லாம் ஒதுங்கினார்கள், மகளைத் தவிர. அவள் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மகளின் பெயர் தும்பை.

தும்பைக்கு எழுத்தறிவித்தவள் மாதுளை. பெண்பிள்ளைகள் படிக்கத் தடை இருந்ததால், தட்டில் மாதுளை முத்துகளை அடுக்கி எழுத்துச் சொல்லித்தருவாள். காவலர் வந்தால் பிள்ளைகள் அகரத்திலிருந்து தின்னத் தொடங்குவார்கள். சாட்சியம் வயிற்றுக்குள் போய்விடும். இடும்பனுக்கு எல்லாம் தெரியும். மகள் நாக்கு சிவந்து வரும் நாட்களில் அவன் அதைக் கவனிக்காதவன்போலச் சாலையைப் பார்த்தபடியே சாப்பிடுவான்.

மாதுளைக்குத் தகப்பன் இல்லை, கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அவளை எதைச் சொல்லிக் குறிப்பிடுவது என்று சட்டத்துக்கே விளங்கவில்லை. ஒருநாள் சந்தை நடுவே நின்று, "என் பேரு மாதுளை. எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்றாள். அன்று மாலையே சிறை.

மறுநாள் இடும்பன் தமுக்கடித்தான். ஒரு குறிப்பிட்ட பெண்ணின் பெயரை இனி வீட்டுக்குள்ளும் சொல்லக் கூடாது.

"எந்தப் பேருண்ணே?" என்றாள் ஒரு வெங்காயக்காரி. "சொன்னாத்தானே சொல்லாம இருக்க முடியும்?"

இடும்பன் திரும்பிப் போய்க் கேட்டான். பேரவை கூடி ஆராய்ந்து, தடை செய்யப்பட்ட பெயரைத் தெருவுக்கு மூன்று முறை உரக்கச் சொல்ல அவனுக்குச் சிறப்பு அனுமதி அளித்தது. அதுவரை அவளைக் கேள்விப்படாதவர்களும் அன்று கேள்விப்பட்டார்கள்.

அடுத்த ஆணை பழத்தின் மேல் பாய்ந்தது. இனி அதன் பெயர் செம்முத்தன். மாதுளை வாங்க மலை தாண்டி வந்த வியாபாரிகள், செம்முத்தன் என்பவர் யாரோ தோட்டக்காரர் என்று நினைத்துக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பழம் மரத்திலேயே வெடித்து அழுகியது. நாடு பட்டினி கிடந்தது. மானம் மட்டும் மிச்சமிருப்பதாகப் பேரவை அறிவித்தது.

சிறையில் மாதுளைக்குக் காய்ச்சல் கண்டது. ஆண் வைத்தியர் பெண்ணின் நாடி பிடிக்கக் கூடாது. பெண்கள் வைத்தியம் படிக்கக் கூடாது. இரண்டு சட்டங்களும் வாசலில் நின்று, நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று மரியாதை செய்துகொண்டிருக்க, உள்ளே அவள் இறந்துபோனாள். கல்லறைக் கல்லில் எழுத எந்த ஆணின் பெயரும் கிடைக்காததால் கல்லை வெறுமனே நட்டார்கள்.

அன்று தும்பை சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "ஊரெல்லாம் அவங்க பேரைத் தமுக்கடிச்சுச் சொன்னியேப்பா. என் பேரை எப்ப சொல்லுவே?" என்று மட்டும் கேட்டாள். மூன்று தெருவுக்குக் கேட்கும் தொண்டைக்காரன், அவள் நகர்த்திய தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தான்.

மாதுளை செத்த பிறகும் பிள்ளைகளின் நாக்கு சிவந்துகொண்டேதான் இருந்தது. எழுத்துச் சொல்லித்தரும் மாதுளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள் என்று பேரவைக்குச் செய்தி போனது. பிடிக்கலாம் என்றால், பெண்ணிடம் பெயர் கேட்பதும் குற்றம். பெருந்திரையார் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சந்தையில வெச்சு அந்தப் பேரைக் கூப்பிடு இடும்பா. எவ திரும்புறாளோ அவதான். கட்டி இழுத்துட்டு வந்துரலாம்."

சந்தையில் முக்காடுகளுக்கு நடுவே முழங்காலைச் சற்று இழுத்து நடக்கும் ஒருத்தியை இடும்பன் முதலிலேயே பார்த்துவிட்டான். தமுக்குக் கோலைத் தாழ்த்தினான். காவலர் முதுகில் குத்தினார்கள். கூப்பிட்டான்.

"மாதுளை!"

தும்பை திரும்பினாள். வெங்காயக்காரி திரும்பினாள். பல்லக்கின் திரையை விலக்கிப் பெருந்திரையாரின் மனைவியும் திரும்பிப் பார்த்தாள். செத்தவளைக் கூப்பிட்டால், வந்துவிட்டாளோ என்று யார்தான் திரும்பமாட்டார்கள்?

சிறையில் அத்தனை பேருக்கு இடமில்லை. சந்தைக்கு வந்திருந்த பெருந்திரையார் நெற்றியைத் தடவி, அங்கேயே புதிய ஆணை பிறப்பித்தார். ஒவ்வொருத்தியும் முன்னால் வந்து, தான் மாதுளை இல்லை என்று நிரூபிக்கத் தன் சொந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். இடும்பன் அதை ஊரறியத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்குப் போனார்.

செத்தவள் கேட்டதும் இதைத்தான் என்பது பேரவையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

செம்பருத்தி என்றாள் வெங்காயக்காரி. எழுபது வயதில் தன் பெயரை முதன்முதலாக வெளியில் கேட்ட ஒருத்தி, சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லு என்றாள். இடும்பன் சொன்னான். முழங்காலில் தழும்புள்ளவள் முன்னால் வந்து நின்று, முக்காட்டுக்குள்ளிருந்து, "தும்பை," என்றாள்.

இடும்பன் தமுக்கை ஓங்கி அடித்தான். "தும்பை! இவ தும்பை! எம் மக தும்பை!" ஒரு தடவைதான் சொல்ல வேண்டும் என்று காவலர் அதட்டினார்கள். தூசி விழுந்துவிட்டதென்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடைசியாகப் பல்லக்கிலிருந்தவளும் இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனாள். சந்தை மொத்தமும் கேட்டது.

ஏப்பம் விட்டபடி வெண்முத்துவின் மேல் திரும்பி வந்த பெருந்திரையாருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கியது. குனிந்து, தாழ்ந்த குரலில், "ஏன்டா இடும்பா, எங்க வீட்டுல... என்ன பேருன்னு சொன்னா?" என்று கேட்டார்.

இடும்பன் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கைகட்டி நின்றான்.

"பொம்பளைப் பேரை வெளியில சொல்லக் கூடாதுங்க, எசமான். சட்டம்."