வாணாம்காரர் வீட்டுச் சீம்பால்

உலகத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கேட்காமல் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் உப்பு குறைவு என்கிறவர்களும் உண்டு. இவர்களால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய சேதம் வந்துவிடாது. சேதம் வருவது, 'எனக்கு ஒண்ணும் வாணாம்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறவர்களால்தான். இவர்களுக்கு வாணாம்காரர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். தருமபுரிப் பக்கம் 'வேண்டாம்' என்ற சொல் வாய்க்கு வரும்போது 'வாணாம்' என்று இளைத்துவிடும். அந்தச் சொல்லைத் தவிர இவர்களிடம் இளைத்தது எதுவும் கிடையாது.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டில் டீ கொதிக்கும்போது அடுக்களை வாசலில் வந்து நின்று, யாரும் கேட்காமலே, "எனக்கு டீ வாணாம், உங்களுக்கு மட்டும் போட்டுக்குங்க" என்று அறிவிப்பவர் இவர்தான். டீ வந்ததும் மனைவியின் தம்ளரை எடுத்து, "சூடா இருக்குதா பாக்கறேன்" என்று ஒரு வாய், "சக்கரை தூக்கலா?" என்று ஒரு வாய், யோசனையில் ஒரு வாய். தம்ளர் திரும்பி வரும்போது அதில் ஏடு மட்டும் இருக்கும். தொப்பூர்க் கணவாயில் பஸ்ஸோ காரோ நின்றால், "எனக்குப் பசியே இல்ல" என்று சொல்லி நான்கு பேர் உட்காரும் மேசையில் ஐந்தாவதாக உட்கார்ந்து, நான்கு பேர் பரோட்டாவிலும் ஓரம் ஓரமாகக் கிள்ளி, கூட்டிப் பார்த்தால் மற்றவர்களைவிட ஒன்று அதிகமாகச் சாப்பிட்டிருப்பவர் இவர். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் வாங்கும்போதும் இவருக்கு மீன் வேண்டாம். முள் மட்டும் கடைசியில் இவர் பக்கத்தில் குவிந்திருக்கும். அது எப்படி என்று கேட்டால், "குழந்தைகளுக்கு முள் எடுத்துக் குடுத்தேன்" என்பார். முள் எடுத்த மீன் எங்கே என்று கேட்க நமக்கு வாய் வராது.

வீட்டுச் சாப்பாட்டில் இவருடைய எளிமைக்கு எல்லையே இல்லை. "எனக்குன்னு எதுவும் செய்யாத. வெறும் களி போதும். கூட ஏதாச்சும் கீரை. கீரை இருந்தா கொஞ்சம் நெய். நெய் போட்டா ஒரு வத்தல் இல்லாம எறங்காது. வத்தல் பொரிக்கற சட்டியிலயே ஒரு முட்டைய ஊத்திடு, தனியா அடுப்பு எரிக்க வாணாம் பாரு." எரிவாயுவை மிச்சம் பிடிக்கும் இந்த அக்கறைக்கு முன்னால் எந்த மனைவி வாய் திறப்பாள்? ஆசைக்காரருக்குச் சமைப்பது எளிது. மூன்று முட்டை கேட்டால் மூன்று முட்டை வைத்தால் முடிந்தது. ஆசையைத் துறந்தவருக்குச் சமைப்பதுதான் கடினம். துறவுக்கு அளவு ஏது?

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒன்றை நான் அறிவேன். பெயர் மாதேஸ்வரன். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலையைப் பார்த்துப் போகும் சாலையில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். முன்னால் மாட்டுக்கொட்டகை, அதன் பின்னால் வீடு. அந்த வரிசை தற்செயலானது அல்ல. மனிதரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. புல் அறுப்பார், சாணி அள்ளுவார், கறப்பார். ஒரு மாடு தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், காதைத் தொட்டுப் பார்த்து, அசை போடுகிறதா என்று பக்கத்திலேயே குந்தியிருந்து, மாட்டு டாக்டருக்குப் போன் மேல் போன் போட்டு, அன்று முழுவதும் நிலைகொள்ளாமல் அலைவார். மனைவி தேவிப்பிரியா ஒரு வேளை சாப்பிடாமல் எழுந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகாது. சட்டியில் குழம்பு மிச்சம் இருப்பது கண்ணில் படுமல்லவா?

மாடுகளும் பக்கத்துத் தொட்டியில் வாய் வைக்கத்தான் செய்கின்றன. ஆனால் எந்த மாடும் முன்கூட்டியே "எனக்கு வாணாம்" என்று கத்திவிட்டு வைப்பதில்லை. அந்த அளவில் அவை நேர்மையானவை.

அந்தக் கொட்டகையில் கறுப்பு வெள்ளைப் பசு ஒன்று உண்டு. யார் உள்ளே வந்தாலும் 'ஏன் லேட்?' என்பதுபோல ஒரு பார்வை பார்க்கும். அதனால் வீட்டில் அதற்கு டீச்சர் என்று பெயர். போன மாதம் டீச்சர் கிடாரிக் கன்று போட்டது. கன்று போட்ட வீட்டில் சீம்பால் வேகவைப்பது வழக்கம்தானே? கன்றுக்குக் குடிக்கக் கொடுத்தது போக மிஞ்சிய அந்தக் கெட்டிப் பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு, டப்பா டப்பாவாக ஊற்றி, இட்லிப் பானையில் ஆவி காட்டினால் துண்டு போடும் பதத்துக்கு உறையும். பக்கத்து வீடுகளுக்கு ஒவ்வொரு டப்பா போகும். டப்பா திரும்பி வரும்போது அதைக் கழுவியிருக்கக் கூடாது. உள்ளே ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டு, ஒட்டியது ஒட்டியபடி தரவேண்டும். கழுவிக் கொடுத்தால் மாட்டின் மடி வற்றிவிடும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் மாதேஸ்வரன்தான். டப்பா கொண்டுபோகும் பிள்ளைகளின் பின்னாலேயே கேட் வரை ஓடி, "கழுவக் கூடாதுன்னு சொல்லிக் குடுங்க! ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார்.

இத்தனை வருடங்களில் எத்தனையோ மாடுகள் கன்று போட்டன. தேவிப்பிரியாவுக்குக் கிடைத்த சீம்பால், கரண்டியில் ஒட்டியது மட்டும். ஊருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதைப் பிள்ளைகளும், "எனக்கு வாணாம்" என்று சொல்லியபடி அடுக்களைக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருப்பவரும் பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை அவள் ஒரு முடிவெடுத்தாள். தாய் வீட்டிலிருந்து வந்த, மூடியில் தன் பெயர் வெட்டிய சின்ன எவர்சில்வர் டப்பாவில் தனக்கென்று கொஞ்சம் ஊற்றி வேகவைத்து, ஒளித்துவைத்தாள். விஷயத்தைப் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஷரீபுன்னிசாவிடம் மட்டும் சொன்னாள்.

"இந்தத் தடவ எனக்குன்னு ஒரு டப்பா எடுத்து வெச்சுட்டேன்க்கா. சொசைட்டிக்குப் போய்ப் பால ஊத்திட்டு வந்து, கைய காலக் கழுவிட்டு, குந்தித் திங்கப் போறேன்."

"குந்தியா? நீயா? அது கெடக்கட்டும், எங்க வெச்ச? உங்க வூட்டுக்காரரு மோப்பம் புடிச்சா போச்சுடி."

"ராகி மாவு டின்னுக்குப் பின்னால. மாவு தீந்துதா இருக்குதான்னுகூட அவருக்குத் தெரியாதுங்க்கா. அந்தப் பக்கம் எங்க வரப் போறாரு?"

பாவம். மாவு தீர்ந்தது தெரியாது என்பது உண்மை. ஆனால் தான் வேண்டாம் என்று சொன்ன பொருள் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்பது மட்டும் வாணாம்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. இதை இதுவரை யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

அவள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து டின்னை நகர்த்தினாள். டப்பா இல்லை. பின்கட்டில், பாத்திரம் விளக்கும் கல்லுக்குப் போனாள். அங்கே காலையில் போட்டது போட்டபடி கிடந்தன: பிள்ளைகளின் தட்டுகள், டீச் சட்டி, அடி காய்ந்து பாறையாகிப்போன களிப் பானை. அவற்றுக்கு நடுவில், கோவில் கலசம்போல மின்னிக்கொண்டு, கவிழ்த்துவைத்த ஒரே ஒரு டப்பா. பக்கத்தில் பாத்திரம் விளக்கும் சோப்பு பாதியாகக் கரைந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தம்ளரைக் கூடக் கழுவாத மனிதர், அன்றைக்கு ஒரு டப்பாவைக் கழுவியிருந்தார். அழுக்காக விட்டிருந்தால் பிள்ளைகள் மேல் பழி போயிருக்கும். சுத்தம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

தேவிப்பிரியா டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனாள். அவர் டீச்சருக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, சீம்பால் டப்பாவ யாரோ கழுவிட்டாங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் குரல் தானாக எழுந்தது. "எந்த வூட்டுக்காரங்க அது? நான்தான் படிச்சுப் படிச்சு சொன்னனே! மடி வத்திப் போச்சுன்னா அவங்களா வந்து கறந்து குடுப்பாங்க? அறிவு வாணாம்?"

"இந்த வூட்டுக்காரங்கதாங்க."

தவிடு கலந்த கை அப்படியே நின்றது. சரியாக அந்த நேரத்தில்தான் ஷரீபுன்னிசா தன் வீட்டு டப்பாவோடு உள்ளே வரவேண்டுமா? கத்தலைக் கேட்டுப் பதறிப்போய், "நான் கழுவலண்ணா! சத்தியமா! இதா பாருங்க, சக்கரை போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன்" என்று மூடியைத் திறந்து காட்டினார்.

"உன்னச் சொல்லலம்மா," என்றார் மாதேஸ்வரன். பிறகு எங்கோ பார்த்து, "பூனை கீனை வந்துதோ என்னமோ..." என்றார்.

"பூனை சோப்பு போட்டுக் கழுவுச்சுங்களா?" என்றாள் தேவிப்பிரியா.

ஷரீபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர்கூட அசை போடுவதை நிறுத்திவிட்டுத் தன் வழக்கமான பார்வையைப் பார்த்தது.

"ஒரு வாய்தான் பாத்தேன். யாருக்கோ குடுக்கறதுக்கு வெச்சிருந்த மாதிரி இருந்துது. கெட்டுக் கிட்டுப் போயிருந்தா நம்ம பேருதான போவும்?"

"எனக்கு வெச்சிருந்தேன்."

"உனக்கா?"

இதில் நடிப்பு இல்லை. சீம்பாலைத் தேவிப்பிரியாவும் சாப்பிடக்கூடும் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் உதித்தது.

"உனக்கு இது புடிக்கும்னு சொன்னதே இல்லையே?"

"சொல்லியிருந்தா மட்டும் மிச்சம் இருந்திருக்குமா?"

அன்று சாயங்காலம் மாதேஸ்வரன் பயந்துகொண்டேதான் கறவைக்கு உட்கார்ந்தார். தன் வாயால் ஊருக்கெல்லாம் சொன்ன சாபம் தன் கையாலேயே விழுந்துவிட்டதே! மடியை மூன்று முறை நீவினார். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். டீச்சர் வழக்கம்போலத் தாராளமாகச் சுரந்தது. பாத்திரத்தில் நுரை எழும்பியதைப் பார்த்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. உயிரோடு பகுத்தறிவும் வந்தது. "டப்பாவக் கழுவினா மடி வத்துமாம். எல்லாம் சுத்த மூடநம்பிக்கை!" என்று கன்றுக்குட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தேவிப்பிரியா மறுபடியும் சீம்பால் வேகவைத்தாள். அதே பெயர் வெட்டிய டப்பாவில். இந்தத் தடவை ஒளிக்கவில்லை. அடுக்களைத் தரையில் நடுவாக உட்கார்ந்து, டப்பாவை எதிரில் வைத்துத் துண்டு போட்டாள். மாதேஸ்வரன் வாசலில் வந்து நின்று சம்பிரதாயத்தை ஆரம்பித்தார்.

"எனக்கு வாணாம். நீ சாப்பிடு."

"சரிங்க."

வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு வாணாம்காரரின் மொத்த வாழ்க்கையும் எதன் மேல் நிற்கிறது? அடுத்து வரும் "அட, ஒரு துண்டாவது எடுத்துக்குங்க" என்பதன் மேல். அதற்கு அடுத்து வரும் "சரி, நீ சொல்றியேன்னு" என்பதன் மேல். தேவிப்பிரியா அந்த ஒரு செங்கல்லை உருவிவிட்டாள். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவருடைய 'வாணாம்' என்ற சொல்லுக்கு முதன்முதலாக அதன் அகராதிப் பொருள் கிடைத்தது. மனிதர் திகைத்துப்போனார்.

"நல்லா வந்திருக்குதா?"

"வந்திருக்குதுங்க."

"ஏலக்கா போட்டியா?"

"போட்டேங்க."

"நேத்தத விட இளக்கமாத் தெரியுது."

"நேத்து எப்பிடி இருந்துதுன்னு எனக்குத் தெரியாதுங்களே."

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துண்டாக, ருசித்து, கண்ணை லேசாக மூடிச் சாப்பிட்டாள். மாதேஸ்வரன் தண்ணீர் குடித்தார். காலண்டரைப் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய், காட்டாமலே திரும்பி வந்தார். டப்பாவில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டார். புதிய மொழியை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல வார்த்தை வார்த்தையாக வந்தது.

"தேவி... எனக்கு... ஒரு துண்டு வேணும்."

"இதக் கேக்கறதுக்கு என்னாங்க இவ்வளவு நேரம்?" என்று டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு, காலி டப்பாவைத் தூக்கியபடி அவசரமாகப் பின்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"டப்பாவக் கீழ வெச்சிடுங்க. கழுவித்தான் ஆவணும்னா அந்தக் களிப் பானையக் கழுவுங்க. மடி ஒண்ணும் வத்தாது."

அவர் கழுவினார் என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த ஷரீபுன்னிசா சொல்கிறார். பானையின் அடி பிடித்தது பிடித்தபடியே இருந்தது என்று தேவிப்பிரியா சொல்கிறாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். உங்கள் மாமா, உங்கள் மைத்துனர், உங்கள் மேலதிகாரி என்று வரிசையாக முகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. கண்ணாடியில் தெரிகிற முகம் மட்டும் வரவில்லை. அந்த இனத்தில் உங்களைச் சேர்க்கலாமா என்று கேட்டால், "எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள்" என்கிறீர்கள்.

சரிங்க.