ரெண்டு நாள் சாரும் இரண்டு குங்குமச் சிமிழ்களும்

எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லாத மனிதர் தஞ்சாவூரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். டீக்கடைக்காரர் "டீ எப்படி சார்?" என்று கேட்டால்கூட, "ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன்" என்பார். சொல்லவும் செய்வார். மூன்றாம் நாள் கடைக்கு வந்து, "முந்தாநாள் டீயில சக்கரை கம்மி" என்று அறிவித்துவிட்டுப் போவார்.

கண் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் 'ரெண்டு நாள் சார்'. நான் அப்போது ஒரு நாளிதழின் நிருபர். ஆஸ்பத்திரிக்கு எதிர் மாடியில் குடியிருந்தேன். எல்லாவற்றையும் இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டியது என் பிழைப்பு. எங்களுக்குள் சிநேகம் உண்டானது ஆச்சரியம்தான்.

அவருடைய ஜென்ம விரோதி ஓர் அமீபா. வாய்க்கால், குளம், போர் தண்ணீர், மண் என எங்கும் இருக்கும். கருவிழிக்குள் புகுந்துவிட்டால் ஒரு நாள் வைரஸ் போலவும் மறுநாள் பூஞ்சை போலவும் வேஷம் கட்டும். டாக்டர்கள் மருந்தை மாற்றி மாற்றி ஊற்ற, அது பாட்டுக்கு உள்ளே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சிலைடில் தேய்த்துப் பார்த்தால் பல சமயம் சிக்காது. அதனால் சார் தட்டு வைப்பார். சத்தில்லாத கூழின் மேல் பாக்டீரியாவை மெல்லிசாகத் தடவி, கண்ணிலிருந்து சுரண்டியதை நடுவில் வைப்பார்.

"நாத்து விட்டிருக்கேன். மாடு எறங்கியிருந்தா மேஞ்ச தடம் தெரியும்" என்பார், நீடாமங்கலத்துக்காரர் அல்லவா. அமீபா பாக்டீரியாவை மேய்ந்தபடி நகரும். போன வழி கோடு கோடாகத் தெரியும். அதற்குத்தான் அந்த ரெண்டு நாள்.

இதனால் தண்ணீர் அவருக்கு ஒரு பித்து. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எந்தத் தண்ணி?" குளித்தது எந்தத் தண்ணி, முகம் கழுவியது எந்தத் தண்ணி. ஒருமுறை வெண்ணாற்றங்கரையில் குட்டி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவரை ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"யோவ், தண்ணியில என்னய்யா கலந்தே? உள்ள என்ன இருக்கு?"

"ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன்."

அதற்குப் பிறகுதான் மரத்தில் கட்டினார்கள். நான் போய் அவிழ்த்து அழைத்துவந்தேன்.

வீட்டுக்கு ஒரு பையன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போய்க்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசியில் மாலதி வந்தாள். அமெரிக்க மாப்பிள்ளை; அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். வலது கண் ரத்தச் சிவப்பு. வலியில் அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேறோரிடத்தில் மூன்று வாரம் வைரஸ் மருந்து போட்டும் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா சுரண்டி அனுப்பினார். சிலைடில் ஒன்றுமில்லை. தட்டு வைத்துவிட்டு, சார் கீழே இறங்கி வந்தார். டீ குடிக்கக் கூப்பிடப் போன நானும் பக்கத்தில் நின்றேன்.

"எந்தத் தண்ணிம்மா?"

"போர் தண்ணிதாங்க" என்றார் மாலதியின் அம்மா.

"கான்டாக்ட் லென்ஸ் போடுறதுண்டா?"

"அய்யய்யோ! தெருமுனையில வர்ற பஸ்ஸு போர்ட இங்கேருந்தே படிப்பா சார் எம்பொண்ணு."

சார் மாலதியின் மூக்கையே பார்த்தார். "கண்ணாடி ஒக்காந்த தடம் இருக்கேம்மா."

"அது தழும்புங்க. சின்ன வயசுல விழுந்துட்டா."

"ரெண்டு பக்கமும் சமமாவா விழுந்துச்சு?"

மாலதி கைப்பையைத் திறந்தாள். "போதும்மா. கண்ணே போயிடும்போலருக்கு" என்று சொல்லி இரண்டு வெள்ளிக் குங்குமச் சிமிழ்களை மேஜையில் வைத்தாள். வலது கண் சிமிழில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல். உள்ளே போர் தண்ணீரில் லென்ஸ் மிதந்தது. பெண் பார்க்க வந்தபோது பவரை மறைக்க வாங்கியது. அதற்கென்று உள்ள டப்பியும் மருந்துத் தண்ணீரும் வீட்டில் கிடந்தால் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடும். குங்குமச் சிமிழை யார் சந்தேகப்படுவார்கள்?

சார் சிமிழ்களை நகைக்கடைக்காரர்போல் வாங்கிக்கொண்டார். கண்ணுக்கு ஒரு தட்டு, சிமிழ்த் தண்ணீருக்கு ஒரு தட்டு.

ரெண்டு நாள் ஆயிற்று. இரண்டு தட்டிலும் ஒன்றுமில்லை. அம்மா மகளை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பெட்டி கட்டினார். "இன்னும் ஒரே ஒரு நாள் குடுங்கம்மா" என்று சார் கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை மாடியேறி வந்து, பாதி சவரத்தில் என்னை இழுத்துப்போனார். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். வளைந்து வளைந்து ஒரு தடம். அதன் முனையில் நிறமில்லாத ஒன்று நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. அடுத்திருந்த சிமிழ்த் தண்ணீர்த் தட்டிலும் அதே தடம். அன்றே மருந்து மாறியது. மணிக்கொரு சொட்டு, மாதக்கணக்கில். டாக்டரம்மா, "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது" என்றார்.

நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. மாலதி மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். கூடவே ஆஸ்பத்திரி வாசலிலிருந்த எஸ்.டி.டி. பூத்தின் நம்பரையும். 'சந்தேகமிருந்தால் சாரைக் கேளுங்கள். அவர் பார்க்காததைச் சொல்ல மாட்டார்.'

ஒரு நாள் அந்த போன் வந்தது. சார் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"கண்ணா? அது டாக்டரம்மாவக் கேக்கணும் தம்பி... என்னது, பொண்ணா? பொண்ணு எப்படின்னா?"

நானும் பூத்காரரும் உதட்டசைவிலேயே 'ரெண்டு நாள்' என்று சொல்லிக்கொண்டோம்.

"கேட்டவொடனே சிமிழ எடுத்து வச்ச பொண்ணு தம்பி. கட்டிக்குங்க!"

போனை வைத்தவர் முகம் வெளுத்துவிட்டது. "அவசரப்பட்டுட்டேனோய்யா?" என்றார். அடுத்த ரெண்டு நாளும் மதியச் சாப்பாட்டை அந்த பூத் ஸ்டூலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். போன் வரவில்லை. சில மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகைதான் வந்தது.

மேடையில் மணப்பெண் தடிக் கண்ணாடி போட்டிருந்தாள். வலது கண்ணில் லேசான வெள்ளைத் தழும்பு. எங்களைப் பார்த்ததும் இரண்டு கண்ணாலும் சிரித்தாள்.

பந்தியில் அவள் அம்மா சாரிடம் வந்து, "சாப்பாடு எப்படிங்க?" என்றார். நான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"நல்லாருக்கும்மா" என்றார் உடனே. பிறகு தலையைக் குனிந்து தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது எந்தத் தண்ணி என்று நான் கேட்கவில்லை.